மாராவுல எடுத்த பழுப்புக் கழுகு: கலரை விடுங்க, காலைப் பாருங்க

கேள்வி: சார், போன ஆகஸ்ட்ல வைல்டுபீஸ்ட் மான் கூட்டம் ஆத்தைக் கடக்கறதைப் பார்க்க கென்யாவுல இருக்கற மசாய் மாரா போயிருந்தோம். பறவை போட்டோ நிறைய எடுத்தேன், ஆனா பழுப்பா இருக்கறது எதையும் கண்டுபிடிக்க முடியல. ஒரு கழுகை ஆப்ல போட்டா ஒருதடவை டானி ஈகிள்ங்குது, கொஞ்சம் கிராப் பண்ணி போட்டா ஸ்டெப் ஈகிள்ங்குது. புல்லு மேல, புதர் மேல உக்காந்திருக்கற குட்டிக் குருவி ரெண்டு வேற இருக்கு. இதெல்லாம் எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

பதில்: நீங்க அனுப்பின கழுகு டானியும் இல்ல, ஸ்டெப்பும் இல்ல. பிரவுன் ஸ்நேக் ஈகிள். பாம்பு பிடிச்சுத் திங்கற கழுகு.

எப்படிச் சொல்றேன்னா, போட்டோவை நல்லா ஜூம் பண்ணி கிளையைப் பிடிச்சிருக்கற இடத்தைப் பாருங்க. முட்டிக்குக் கீழ இறகே கிடையாது, வெளுத்த சாம்பல் கலர்ல சொரசொரன்னு செதில் வெச்ச வெறும் காலு. டானிக்கும் ஸ்டெப்புக்கும் விரல் ஆரம்பிக்கற இடம் வரைக்கும் பேன்ட் போட்ட மாதிரி இறகு மூடியிருக்கும். இந்த ஒண்ணு போதும், ரெண்டும் அவுட். அடுத்து முகம், ஆந்தை மாதிரி பெரிய உருண்டைத் தலை, பளிச்னு மஞ்சள் கண்ணு, பட்ட மரத்து உச்சியில நிமிர்ந்து உக்காந்திருக்கற விதம், எல்லாமே ஸ்நேக் ஈகிள் லட்சணம்தான். இதோட குழம்பக்கூடிய இன்னொண்ணு பேட்டலர்ங்கற கழுகோட இளசு, அதுக்கு முழுக் கலர் வர 5, 6 வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் பழுப்பாத்தான் சுத்தும், அதுக்கும் பெரிய தலை, வெறும் காலு. ஆனா அதோட கண்ணு பழுப்பு, வாலு ரொம்பக் குட்டை, உக்காந்தா ரெக்கை நுனி கிட்டத்தட்ட வால் நுனி வரைக்கும் வந்துடும். உங்க படத்துல வாலு தெளிவா கீழ இறங்கியிருக்கு.

டானியா ஸ்டெப்பான்னு நிஜமாவே குழப்பம் வந்தா வாயோரத்தைப் பாருங்க. அலகு சேர்ற இடத்துல ஒரு மஞ்சள் கோடு பின்னாடி போகும், டானிக்கு அது கண்ணோட நடுவுக்கு நேரா நின்னுடும், ஸ்டெப்புக்கு கண்ணோட பின் ஓரம் வரைக்கும் இழுத்துட்டுப் போகும், ஏதோ சிரிக்கற மாதிரி இருக்கும். பக்கவாட்டு போட்டோவுலதான் இது சரியாத் தெரியும். அதைவிட ஈஸியான விஷயம் தேதி. ஸ்டெப் ஈகிள் கஜகஸ்தான், மங்கோலியா பக்கத்துப் புல்வெளியில முட்டை வெச்சுட்டு குளிர்காலத்துக்குத்தான் ஆப்பிரிக்கா வரும், அதனால ஆகஸ்ட் மாராவுல அதை எதிர்பார்க்கவே வேண்டாம். ஆப்ல போடறப்ப ஊரும் தேதியும் கண்டிப்பா குடுங்க, கிராப் பண்ணின ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டா அந்தத் தகவல் போயிடும், அப்புறம் அது கலரை வெச்சு யூகம்தான் பண்ணும். சாயங்கால வெயில்ல எந்தப் பழுப்பும் செம்பழுப்பாத்தான் விழும், அதனால கலரை நான் கடைசியாத்தான் பார்ப்பேன்.

இப்ப குருவிங்க. முதல்ல அலகு. தடிச்ச கூம்பு அலகு இருக்கற ரெண்டாவது படம் விடோபேர்ட் இல்லன்னா பிஷப், ரெண்டுமே நம்ம தூக்கணாங்குருவி குடும்பம்தான், பெட்டையா இருக்கலாம், கலர் விட்டுப்போன ஆணாவும் இருக்கலாம். மாரா புல்வெளியில ஜாக்ஸன்ஸ் விடோபேர்ட் ஆண் இனப்பெருக்க சமயத்துல கறுப்பா நீள வாலோட புல்லுக்கு மேல குதிச்சுக் குதிச்சு ஆடும், அதே இடத்துல கோடு போட்ட பழுப்புக் குருவி நின்னா அதோட பெட்டையான்னு யோசிக்கலாம், ஆனா பக்கத்துல ஆண் இல்லாம படத்தை மட்டும் வெச்சு நான் பேர் சொல்ல மாட்டேன்.

மெல்லிய அலகு இருக்கற மூணாவது படம் சிஸ்டிகோலா, பூச்சி திங்கற குட்டிப் பழுப்புக் குருவி. எனக்கு ரொம்பப் பிடிச்ச கூட்டம் இது, உலகத்துல சுமார் 50 வகை, பெரும்பாலானது ஆப்பிரிக்காவுலதான். நம்ம ஊர் வயலோரத்துல ஜிட் ஜிட்னு கத்திக்கிட்டே அலைஞ்சு பறக்கற ஜிட்டிங் சிஸ்டிகோலாவும் இதே குடும்பம், அது மாராவுலயும் இருக்கு. இங்கிலீஷ்ல ராட்லிங், வெய்லிங், க்ரோக்கிங், ட்ரில்லிங்னு நிறைய வகைக்குச் சத்தத்தை வெச்சேதான் பேர் வெச்சிருக்காங்க, அப்படின்னா பார்த்துப் பிரிக்கறது எவ்வளவு கஷ்டம்னு புரிஞ்சுக்கோங்க. இதுல எங்க உக்காந்திருந்துதுன்னு நினைவு வெச்சிருந்தா பாதி வேலை முடிஞ்சுது: முள்ளுப்புதரா, ஈரமான கோரைப்புல்லா, குட்டைப் புல்லா? உங்க படத்துல முள்ளுப்புதர் உச்சி, உச்சந்தலை லேசா செம்பழுப்பு, முதுகுல கோடு, அதனால ராட்லிங்கா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உறுதியாச் சொல்ல சத்தம் வேணும்.

அந்த சமயத்துல யாராவது போன்ல வீடியோ எடுத்திருந்தா தேடிப் பாருங்க, குருவி தெரியலன்னாலும் பரவாயில்ல, பின்னாடி கேக்கற சத்தம் போதும். வாலை விரிச்சு ஷேக் ஆன போட்டோ இருந்தா அதையும் அழிக்காம அனுப்புங்க, வால் நுனியில இருக்கற கறுப்பும் வெள்ளையும் அதுல தெரியலாம்.