சென்சார் வைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

கேள்வி: வாய்க்கால் தலைப்புகளில் சென்சாரும் தானியங்கி ஷட்டரும் வைத்துப் பங்கீட்டைக் கணினியில் பார்க்கப் போகிறார்களாம். இனியாவது கடைமடைக்குத் தண்ணீர் வருமா?
– ஒரு விவசாயி, தலைஞாயிறு

பதில்: அதை மட்டும் நம்பினால் வராது. பாலத்தடியில் வழக்கமாக மாட்டும் ரேடார் கருவி அளப்பது நீர்மட்டத்தை மட்டுமே. இந்த மட்டத்துக்கு இத்தனை கனஅடி என்று முன்பே போட்டு வைத்த அட்டவணையைப் பார்த்துத்தான் கணினி கணக்குச் சொல்கிறது. அந்த அட்டவணை, தூர்வாரிய வாய்க்காலுக்குப் போட்டது.

30 அடி அகலம், 5 அடி ஆழம், நொடிக்கு 3 அடி வேகம் என்றால் 450 கனஅடி ஓடும். கீழே ஆகாயத்தாமரை அடைத்து வேகம் பாதியாகிவிட்டால் போவது 225தான். ஆனால் மட்டம் குறையாது. தண்ணீர் எதிர்த்து நின்று ஏறவும் செய்யும். திரையில் 450க்கு மேலேயே காட்டும். உங்கள் வயல் வெடித்துக் கிடக்கும்போது, 'முழு அளவு வழங்கப்பட்டது' என்று பதிவாகியிருக்கும். கணினிக் கணக்கைக் காட்டி உங்கள் புகாரைத் தள்ளிவிடுவார்கள் என்பதுதான் எனக்குள்ள கவலை.

தூர்வாரியதும் ஒருமுறை, பாசி, தாமரை மண்டியபின் ஒருமுறை கரண்ட் மீட்டர் (நீரோட்ட வேகத்தை அளக்கும் கருவி) இறக்கி அளந்து அட்டவணையைத் திருத்த வேண்டும். தலைப்பில் மட்டும் கருவி வைத்தால் போதாது, கடைசி மதகிலும் வேண்டும். சோலார் பேட்டரி மாற்றுவதும் சிம் கார்டுக்குப் பணம் கட்டுவதும் யார் பொறுப்பு என்பது டெண்டரிலேயே இருக்க வேண்டும். தகவல் வந்த நாட்களுக்கு மட்டும் பராமரிப்புத் தொகை கொடுங்கள். மோட்டார் வைத்த ஷட்டரிலும் கைச்சக்கரம் இருக்கட்டும், மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரும் இருக்கட்டும். வெள்ளத்தில் கரண்ட் போனால் ஷட்டரைத் தூக்க ஆள் வேண்டும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்து போனதை மறந்துவிடக் கூடாது. மதகுத் தூணுக்கடியில் மண் அரிப்பதை நீர்மட்டக் கருவி காட்டாது. ஆண்டுதோறும் கோடையில் ஆள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசும் இடங்களில் இன்னொரு கணக்கும் தேவை. கசிவு நின்றால் கீழே கூடுதல் தண்ணீர் போகும், உண்மைதான். அந்தக் கசிவை நம்பியிருக்கும் பக்கத்து ஃபில்டர் பாயின்ட்டுகளில் (ஆழமில்லாத குழாய்க் கிணறுகளில்) ஊற்று குறையும். கிணற்று மட்டத்தையும் அதே திரையில் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மதகில் அளவுப் பலகை இருக்கிறதா? காலை 6 மணிக்கு அதைப் படம் எடுத்து, கணினி காட்டும் மட்டத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனாலும், அங்கே கரண்ட் மீட்டர் கடைசியாக இறக்கிய தேதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத்துறையிடம் கேளுங்கள்.