மரைன் இன்ஜினியரிங் என்றால் கப்பல் கட்டுவதா, ஓட்டுவதா?

இரண்டும் இல்லை. கப்பலை வடிவமைப்பது நேவல் ஆர்கிடெக்சர், தனிப் படிப்பு. ஓட்டுவது டெக் அதிகாரிகள். மரைன் இன்ஜினியர் இன்ஜின் ரூம்காரர்.

பெரிய சரக்குக் கப்பலின் மெயின் இன்ஜின் மூன்று மாடி உயரம் இருக்கும்; நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுதான். ஆனால் ஜூனியராகப் போனால் உங்கள் நாள் அதோடு கழியாது, பியூரிஃபையரோடுதான் கழியும். இன்ஜினுக்கு எரிபொருளான, தார் போன்ற கனரக எண்ணெயைக் கிட்டத்தட்ட 98 டிகிரிக்குச் சூடாக்கி, சுழற்றி, தண்ணீரையும் கசடையும் பிரிக்கும் இயந்திரம் அது. அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவது உங்கள் தலையில் விழும். இன்ஜின் ரூமில் 40 டிகிரிக்கு மேல் வெக்கை, காதடைக்கும் இரைச்சல். இரவில் இன்ஜின் ரூமில் ஆளில்லாமல் ஓடும் கப்பலில் அலாரம் அடித்தால், முறையில் இருப்பவர் ‘பாய்லர் சூட்’ என்ற முழுநீள வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய 1978-இன் எஸ்.டி.சி.டபிள்யூ. சர்வதேச உடன்படிக்கைப்படி கடல்சேவை முடித்து, தகுதிச் சான்றிதழும் வாங்க வேண்டும். பிறகு ஃபோர்த், தேர்ட், செகண்ட், சீஃப் இன்ஜினியர் என்று படிப்படியாக ஏறலாம்.

சம்பளத்தை மட்டும் பார்த்து வராதீர்கள். பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கும் ஆளா? தைரியமாகச் சேருங்கள். சேருமுன் கண், காது பரிசோதனையை முடித்துவிடுங்கள். பலர் அதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.