அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). ஒன்றுக்கு மட்டும் விவசாய மானியம் வருவது ஏன்?

இது ஆர்க்-கோ (ARC-CO) என்ற வருமானப் பாதுகாப்புத் திட்டம். 2014 விவசாயச் சட்டத்தில் வந்தது. ஒரு பயிருக்கு அந்த கவுண்டியில் ஏக்கருக்கு அந்த வருடம் கிடைக்கும் வருமானம், வழக்கமான வருமானத்தில் ஓர் எல்லைக்குக் கீழே போனால், குறைந்ததை அரசு ஓரளவு ஈடுகட்டும். 'வழக்கம்' என்பது ஐந்து ஆண்டுக் கணக்கு. மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் தள்ளிவிட்டு சராசரி எடுப்பார்கள்.

மக்காச்சோளம் ஏக்கருக்கு வழக்கமாக 700 டாலர் தரும் கவுண்டி என்று வையுங்கள். 2025 பயிரிலிருந்து எல்லை 90%, அதாவது 630. இந்த வருடம் 600 தான் என்றால் ஏக்கருக்கு 30 டாலர். அந்தப் பயிருக்கு அரசிடம் முன்பே பதிவான நிலம் 100 ஏக்கர் இருந்தாலும் 85க்குத்தான் கணக்கு: 2,550 டாலர். அதுவும் அறுவடை முடிந்து அடுத்த வருட அக்டோபருக்கு அப்புறம்தான் கைக்கு வரும். கடன் தவணை அதுவரை காத்திருக்காது!

விலை நாடு முழுக்க ஒன்றே, விளைச்சல் மட்டும் கவுண்டிவாரியாகப் பார்க்கப்படும். அதனால்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பணம், இந்தப் பக்கம் இல்லை. வகுப்பு சராசரியை வைத்துப் பரிசு கொடுப்பது மாதிரி. உங்கள் மார்க்கை யாரும் பார்ப்பதில்லை. ஆலங்கட்டி மழையில் உங்கள் வயல் மட்டும் போனால் அதற்குப் பயிர்க் காப்பீடு தனி.

சரி, மக்காச்சோளத்துக்குப் பணம் வாங்கியவர் மக்காச்சோளம்தான் போட்டிருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கணக்கு பழைய பதிவு ஏக்கருக்கு, இன்று அதில் சோயா நின்றாலும் சரி.