ஒரே பாகத்தின் 12 அளவுகளுக்கு பிசிஏ (சேர்ந்து மாறும் அளவுகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு) போடும் முன் ஸ்கேலிங் தேவையா?

சிஎம்எம்மில் (ஆயத்தொலை அளவீட்டு இயந்திரம்) எடுத்த 12 அளவுகள், எல்லாமே மி.மீ.; ஒவ்வொன்றையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். வகுத்தால், 2 மைக்ரான் மட்டுமே ஆடும் துளை விட்டமும் 40 மைக்ரான் ஆடும் நீளமும் சம எடை பெற்றுவிடும். அந்த 2 மைக்ரானில் பாதிக்கு மேல் அளவீட்டு இரைச்சலாகவே இருக்கலாம். கோணம், சொரசொரப்பு எல்லாம் கலந்திருந்தால் கதை வேறு. அப்போது ஒவ்வொன்றையும் அதன் டாலரன்ஸால் (அனுமதிக்கப்பட்ட விலகல் வரம்பு) வகுப்பது என் வழக்கம். சராசரியைக் கழிப்பது எப்படியும் கட்டாயம்.

மொத்த மாறுபாட்டில் முதல் கூறு எத்தனை சதவீதம் என்று பார்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். விஷயமே லோடிங்கில்தான் (ஒரு கூறில் ஒவ்வொரு அளவுக்கும் உள்ள எடையும் குறியும்) இருக்கிறது. நீளங்கள் எல்லாம் ஒரே குறியில், தத்தம் நீளத்துக்கேற்ற விகிதத்தில் வந்தால் முதலில் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 200 மி.மீ. பாகத்தை 20 டிகிரிக்குப் பதில் 25 டிகிரியில் அளந்தால் அதே 23 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். மாறாக, ஒரு பக்க விளிம்புத் தூரங்கள் கூடும்போது எதிர்ப்பக்கம் குறைந்தால், பாகம் அதைப் பிடித்து வைக்கும் பிக்ஸ்சரில் நகர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். (மொத்தக் குறியும் தலைகீழானால் பதற வேண்டாம், பொருள் அதேதான்.)

ஒரு எச்சரிக்கை: பிசிஏவுக்கு டாலரன்ஸ் தெரியாது. எல்லாப் பாகத்திலும் ஒரே அளவுக்குத் தள்ளிப்போன பரிமாணம், சராசரியைக் கழித்ததும் காணாமல் போய்விடும். எனவே ஒவ்வொரு அளவையும் வரம்புக் கோடுகளோடு தொடர்ந்து குறிக்கும் தனித்தனிக் கன்ட்ரோல் சார்ட்டுகளைக் கைவிடாதீர்கள். புதிய பாகங்களைக் கண்காணிக்கும்போது ஹோட்டலிங் டி-ஸ்கொயரோடு (கூறுகளுக்குள் பாகம் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் எண்) எச்சத்தையும் (அந்தக் கூறுகளால் விளக்க முடியாத மிச்சம்) பாருங்கள். இதுவரை வராத வகைக் கோளாறு பெரும்பாலும் அதில்தான் தலைகாட்டும்.