8 வாரமா, 6 வாரமா?

கேள்வி: அக்கா, நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீடு பொள்ளாச்சி. கணவருக்குத் துபாயில் வேலை. லீவில் வந்து 6 வாரம் ஆகிறது. எனக்கு நாள் தள்ளிப்போய், நேற்று ஸ்கேன் எடுத்தோம். 8 வாரம், துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்போதிலிருந்து அத்தை விரல்விட்டு எண்ணுகிறார். வாய்திறந்து ஒன்றும் கேட்கவில்லை. இன்னொன்று, பாடாய்ப் படுத்திய வாந்தி இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. நல்லதா, கெட்டதா? பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனால் கலைந்துவிடும் என்றும் சொல்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், பாலக்காடு மாவட்டம்

பதில்: முதலில் அந்த விரல் கணக்கை முடித்துவிடுவோம். டாக்டர்கள் கர்ப்பத்தை எண்ணுவது கரு உண்டான நாளிலிருந்து இல்லை, கடைசியாகத் தூரமான (மாதவிலக்கான) முதல் நாளிலிருந்து. கரு எந்த நாளில் உண்டானது என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது; தூரமான தேதியோ நினைவிருக்கும். மாதாமாதம் ஒழுங்காக வருகிறவர்களுக்குக் கருமுட்டை வெளிவருவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். அதனால் டாக்டர் 8 வாரம் என்றால் கரு உண்டாகி 6 வாரம். உங்கள் கணவர் வந்த கணக்கோடு அது சரியாகப் பொருந்துகிறது. ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து வாரம் சொல்வதும் இதே கணக்கில்தான். பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுக்கும் 40 வாரத்திலும் இந்த இரண்டு வாரம் அடக்கம்.

இதை அத்தைக்கு நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். குற்றவாளிக் கூண்டில் நின்று பேசுவது போல ஆகிவிடும். கணவர் சொல்லட்டும். அவருக்கும் சந்தேகம் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் அவரே கேட்கட்டும். ஒரு நிமிஷ வேலை.

அப்புறம் வாந்தி. மசக்கை பெரும்பாலும் 5, 6 வாரத்தில் தொடங்கி, 9 வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 12 முதல் 16 வாரத்துக்குள் அடங்கும். நடுவில் இரண்டு நாள் லேசாக இருப்பதும் மூன்றாம் நாள் திரும்ப வந்து படுத்துவதும் சகஜம். வாந்தியே இல்லாமல் பிள்ளை பெற்றவர்களும் நிறைய. நேற்றுத்தான் துடிப்பைப் பார்த்திருக்கிறீர்கள். துடிப்பு தெரிந்த பிறகு கலையும் வாய்ப்பும் நன்றாகக் குறைகிறது. ஆகவே வாந்தி குறைந்ததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

திரும்ப வந்தால், எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி வேண்டாம். படுக்கையிலேயே இரண்டு ரஸ்க் தின்றுவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து எழுந்திருங்கள். மட்டை அரிசி கொதிக்கும் ஆவியும் தாளிப்பு வாசனையும்தான் பலருக்குக் குமட்டலைக் கிளப்பும். சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். ஆறிய கஞ்சியும் உப்பிலிட்ட நெல்லிக்காயும் வயிற்றில் தங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மத்தி, அயிலை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். சுறாவில் பாதரசம் அதிகம் என்பதால் அது மட்டும் வேண்டாம். பழுத்த பப்பாளியால் கெடுதல் இல்லை, பப்பாளிக்காயைத் தவிருங்கள். குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது, காசுதான் செலவு.

பஸ் குலுக்கலில் கரு கலையாது. தெரிந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்றிரண்டு கலைந்துபோகின்றன, அதிலும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். பாதிக்கு மேல் காரணம் குரோமோசோம் கோளாறு. குடம் தூக்கியதாலோ மாடிப்படி ஏறியதாலோ அல்ல. இதைச் சொல்லாமல் விட்டதால்தான் எத்தனையோ பெண்கள் கலைந்ததற்குத் தங்களையே நொந்துகொள்கிறார்கள். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போய்வர உங்களுக்குத் தடையில்லை, ரத்தக்கசிவு ஏதும் இருந்து டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலொழிய. தூக்கம் தூக்கமாக வருவது, மார்பகம் கனத்து வலிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, அடிவயிற்றில் லேசாக இழுப்பது எல்லாம் இந்தக் காலத்தில் வழக்கம்தான்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் பட்டால், சொட்டாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். பலருக்கு ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்துவிட வேண்டும். அதிகமாகப் போனாலோ, கடும் வலியோ மயக்கமோ வந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு, இரவானாலும். ஒரு பக்கமாகக் குத்தும் வலி கருக்குழாயில் கரு தங்கியதால் வரலாம். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் கரு கர்ப்பப்பைக்குள் இருப்பதாக எழுதியிருந்தால் அந்தப் பயம் அநேகமாக இல்லை. காய்ச்சலையும் விடாதீர்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால் டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும். மசக்கைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை 12 வாரம் வரை விடாமல் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை பொதுவாக நாலாம் மாதத்திலிருந்துதான். இப்போதே போட்டால் குமட்டல் கூடும். அடுத்த முக்கிய ஸ்கேன் 11 வாரம் முடிந்து 14 வாரத்துக்குள்.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும் விஷயத்தை இப்போதே முடியுங்கள். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் சொல்லி, நீங்கள் இருக்கும் இடத்திலேயே பதிந்து கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவம் பொள்ளாச்சியில் என்றால் அங்கே பிக்மி எண் (தமிழ்நாடு அரசின் கர்ப்பப் பதிவு எண்) கேட்பார்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ஏழாம் மாதம் வரை தள்ளிப்போடாமல், அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போதே அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் இந்தக் கார்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.