அழித்தாலும் அழியாத சாவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிரல் எழுதும் வேலையில் அண்மையில்தான் சேர்ந்தேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் எல்லாக் கோப்புகளையும் ஒருசேர ‘கிட் ஆட்’ செய்தபோது, சர்வருக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் தனிச் சாவியும் எவரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவுக்கு (கோப்புக் களஞ்சியத்துக்கு) போய்விட்டது. கவனித்தவுடன் கோப்பை நீக்கி, மறுபடி கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), அதை இணையத்திலுள்ள ரெப்போவுக்குப் புஷ் செய்துவிட்டேன். இது போதுமா? இனி சாவியை எப்படி வைத்துக்கொள்வது?

க.

அன்புள்ள க.,

போதாது. மேற்கொண்டு வாசிக்கும் முன், அந்தச் சாவிக்கு இணையாக, உங்களை அடையாளம் காண்பதற்காகச் சர்வரில் வைக்கப்பட்டிருக்கும் பொதுச் சாவியை அங்கிருந்து நீக்கிவிடுங்கள். ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப் தளத்தின் கணக்கிலும் அதைச் சேர்த்திருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள்.

லினக்ஸ் கெர்னலின் மேம்பாட்டுக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், பழைய நிலை எதையும் எளிதில் இழந்துவிடாதபடி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பதிந்து வைக்கிறது என்பதால், நீங்கள் நீக்கிய கோப்பு புதிய கமிட்டில் இல்லையே தவிர, முந்தைய கமிட்டில் அப்படியே இருக்கிறது. ‘கிட் லாக்’, ‘கிட் ஷோ’ ஆகிய இரண்டு கட்டளைகளை அறிந்த எவரும் அதை எடுத்துவிடலாம். ‘கிட் ரிவர்ட்’டும் இன்னொரு கமிட்டைச் சேர்க்குமே ஒழிய, பழையதைத் தொடாது. வரலாற்றையே திருத்தி எழுதுவதற்குக் கருவிகள் உண்டு என்றாலும், அதற்குள் ரெப்போவைக் குளோன் செய்து நகலாக வைத்துக்கொண்டவர்களின் கணினிகளை அவை எட்டமாட்டா. ஆகவே, சாவியைச் செல்லாததாக்குவதுதான் முதல் வேலை.

2023 மார்ச்சில் கிட்ஹப் நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. தொடர்பு கொள்வது உண்மையான கிட்ஹப்தான் என்று பயனர்களின் கணினிகளுக்கு உறுதிப்படுத்தும் அதன் ஆர்எஸ்ஏ வகைத் தனிச் சாவி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளிப்பட்டது. எவரும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கருதக் காரணமில்லை என்று அறிவித்தபோதிலும், அந்நிறுவனம் சாவியை மாற்றியது. உலகெங்கும் நிரலாளர்களின் திரைகளில் எச்சரிக்கை தோன்றும் என்று தெரிந்தே மாற்றியது. மிகச் சரியான முடிவு என்பேன். அத்தகைய எச்சரிக்கை உங்களுக்கு வந்தால், பழைய பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காமல், நிறுவனம் வெளியிட்டிருக்கும் கைரேகைக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய சாவியை ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென்’ மூலம் ஈடி25519 வகையில் உருவாக்குங்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2014 முதல் அதை ஆதரிக்கிறது. சாவிக் கோப்பைப் பூட்டிவைக்கும் கடவுத்தொடரைக் கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யச் சலிப்பாக இருக்கும் என்பதற்காகத்தான் ‘எஸ்எஸ்ஹெச்-ஏஜென்ட்’ இருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் அது நினைவில் வைத்துக்கொள்ளும். தனிச் சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிவதாக) இருக்கட்டும். கணினிக்கு ஒரு சாவி என்று வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன்: மடிக்கணினி ஒன்று தொலைந்தால் அதற்குரிய சாவியை மட்டும் நீக்கினால் போதும், மற்ற கணினிகளில் வேலை தடைபடாது.

அன்றாட வேலையில், கமிட் செய்யும் முன், அதில் என்னென்ன சேரப்போகின்றன என்று காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’, ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்டு’ இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் பெயரைச் சேர்த்தால் ஆயிற்று என்று பலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே கிட்டின் கண்காணிப்பில் உள்ள கோப்பை அது கட்டுப்படுத்தாது, ‘கிட் ஆர்எம் --கேச்டு’ கொடுத்து முதலில் விடுவிக்க வேண்டும்.

கடைசியாக, சாவி வெளியே இருந்த நேரத்தில் சர்வருக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்பதை லாக் பதிவுகளில் சரிபார்த்து, நடந்ததைச் சர்வருக்குப் பொறுப்பானவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.