ஹெல்மெட் சலான்ல "ஒப்பந்தம் இல்லை"ன்னு எழுதித் திருப்பி அனுப்பினா கேஸ் போயிடும்னு ஒரு வீடியோல சொல்றாங்களே, நிஜமா போயிடுமா?

போகாது ப்ரோ. ஊட்டி சேரிங் கிராஸ்ல பிடிச்ச சலான்ல சிவப்பு மையில எழுதி, கையெழுத்து போடாம அனுப்பினாலும் அது அப்படியேதான் நிக்கும். அபராதம் ஒப்பந்தத்தால வர்றது இல்ல, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தால வருது, நம்ம சம்மதம் யாரும் கேக்கல.

அந்த வீடியோ அனேகமா அமெரிக்கா சரக்கோட தமிழ் டப்பிங். "நான் டிரைவ் பண்ணல, டிராவல் பண்றேன், அதனால வண்டிச் சட்டம் எனக்கு இல்ல"ங்கறது அங்கயே கோர்ட்ல எடுபடல, கனடாவுல 2012ல மீட்ஸ் வழக்குல ஜட்ஜ் இந்த மாதிரி வாதத்தயெல்லாம் வரிசையா எடுத்து கிழிச்சிருக்காரு. நம்ம அரசியல் சாசனத்தோட ஆர்ட்டிகிள் 19 நாடு முழுக்கப் போய்வர உரிமை தருதுன்னு சொல்றாங்களே, அது நிஜம்தான், ஆனா 19(5)ல நியாயமான கட்டுப்பாடு போடலாம்னும் இருக்கே, அத மட்டும் வீடியோல காட்டமாட்டாங்க.

எங்க குன்னூர்ல ஒரு மெக்கானிக் தம்பி இதே வேலை பண்ணி, கடைசில ஸ்வெட்டர் போட்டுட்டு கோர்ட் வாசல்ல ஒரு நாள் கூலியும் விட்டு, அதே ஆயிரம் ரூபா அபராதத்தக் கட்டிட்டு வந்தான்.

முதல்ல அரசோட பரிவாஹன் சைட்ல சலான் நம்பர் போட்டு போட்டோவ பெரிசாக்கிப் பாருங்க. மூடுபனில நம்பர் பிளேட்ல 1, 7 ஆத் தெரியும், வேற வண்டியா இருந்தா அதுதான் உங்க நிஜமான வாதம், ஆர்சிய காட்டி சலான மறுங்க.

ஒண்ணு மட்டும், அதே மோட்டார் வாகனச் சட்டத்தோட 194டி பிரிவுல ஆயிரம் ரூபாயோட மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பும் இருக்கு, அதனால சும்மா விட்டுறாதீங்க.